டொமினிக்காவை மினிபஸ்ஸில் சுற்றுவது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. பின்னது ஹைட்டியோடு ஒரே தீவைப் பங்குபோட்டிருக்கும் ஸ்பானிய மொழி நாடு. நாம் பேசுவது கரீபியனில் குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில், 750 சதுர கிலோமீட்டருக்குள் மலைமலையாக எழுந்து நிற்கும் சின்னத் தீவைப் பற்றி. ஆங்கிலம் ஆட்சிமொழி, வீட்டிலும் சந்தையிலும் க்வேயோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழி. டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு டி.ஓ.எம். என்று இருக்க வேண்டும். எஸ்.டி.க்யூ. என்று இருந்தால் அது சான்டோ டொமிங்கோ. பையில் ஒட்டும் சீட்டிலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் ஒரு நாட்டுக்கும் பெட்டி இன்னொரு நாட்டுக்கும் போவது அங்கே புதிதல்ல.

வரைபடத்தில் நீளம் 47 கிலோமீட்டர், அகலம் 26. இரண்டு நாளில் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று தோன்றும். இந்தத் தீவில் தனியாகச் சுற்றப் போகிறவர்களின் திட்டம் உடைவது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான். தீவை முழுதாகச் சுற்றிவரும் கரையோரச் சாலை கிடையாது. தெற்கே சூஃப்ரியேர், ஸ்காட்ஸ் ஹெட் கிராமங்களோடு மேற்குச் சாலை முடிந்துவிடும்; மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராண்ட் பே ஊருக்குப் போக, வந்த வழியே திரும்பித்தான் போக வேண்டும், அல்லது நடக்க வேண்டும். நடுவில் பாங் காசே என்ற ரவுண்டானாவில் சாலைகள் கூடிப் பிரிகின்றன. தலைநகர் ரோசோ, வடக்கே போர்ட்ஸ்மத், நடுவே பாங் காசே: தீவின் போக்குவரத்தெல்லாம் இந்த மூன்றை வைத்துத்தான். எனவே இரண்டு ஊரில், முடிந்தால் மூன்று ஊரில் தங்குங்கள். ஒரே ஹோட்டலில் பத்து நாள் இருந்துகொண்டு தினமும் போய்வரலாம் என்று நினைத்தால் பாதிப் பொழுது வேனிலேயே போய்விடும்.

போய்ச் சேரும் வழி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டொமினிக்காவில் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் இமிக்ரேஷனில் கேட்பார்கள். சிக்கல் வழியில் இருக்கிறது. மயாமியிலிருந்து 2021 டிசம்பர் முதல் நேரடி விமானம் உண்டு, ஆனால் அமெரிக்காவில் இறங்கி ஏறுவதற்கே விசா வேண்டும். லண்டன் வழியாக பார்படோஸ் போய் அங்கிருந்து சிறு விமானம் பிடிப்பது இன்னொரு வழி. பார்படோஸில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் லண்டனில் விமானம் மாற டிரான்சிட் விசா தேவைப்படும். குவாதலூப்பிலிருந்தோ மார்ட்டினிக்கிலிருந்தோ ஃபெரியில் வருவது அழகான வழிதான். ஆனால் அவை பிரான்ஸின் பகுதிகள் என்பதால் ஷெங்கன் விசா போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். போதாது. அந்தப் பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவிலேயே தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். டிரினிடாட் வழியாக இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் வந்தால் நம்மூர் விமான நிலையத்தில் ஓரங்கட்டி, தனிமைப்படுத்தலுக்கு அனுப்ப இடமிருக்கிறது. இந்த விதிகள் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் அந்தந்தத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிறு விமானங்களில் எடை மிஞ்சினால் பெட்டியை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மலையேறும் காலணி, ஒரு மாற்று உடை, மருந்து மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். இராணுவத்தினர் உடுத்தும் பச்சைத் திட்டுத்திட்டான (கேமோஃபிளாஜ்) துணி எதையும் எடுத்துப் போகாதீர்கள். பொதுமக்கள் அதை அணிவது அங்கே குற்றம். குழந்தையின் தொப்பிக்கும் விலக்கில்லை.

டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையம் வடகிழக்கு மூலையில், மேரிகாட் ஊரருகே இருக்கிறது. ரோசோ தென்மேற்கில். இடையில் மலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிற்பகலில் இறங்கினால் பேருந்தை எதிர்பார்க்க வேண்டாம். ஷேர் டாக்ஸியில் ஒருவருக்கு ஏறக்குறைய 30 அமெரிக்க டாலர் கேட்பார்கள். முதல் இரண்டு மூன்று இரவை வடகிழக்கிலேயே, காலிபிஷி பக்கம், கழித்துவிட்டு அப்புறம் கீழே இறங்குவது நல்லது. களைப்பில் மலைச்சாலை வளைவுகளைத் தாங்க வேண்டியதில்லை, தவிர தீவின் பொன்மணல் கடற்கரைகளும் அந்தப் பக்கம்தான். மற்ற இடங்களில் மணல் கருப்பு, அல்லது வெறும் கூழாங்கல்.

பணம் கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மீதி உள்ளூர்ப் பணத்தில்தான் வரும், கணக்கும் 2.70-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஏடிஎம்களை ரோசோவிலும் போர்ட்ஸ்மத்திலும் நம்பலாம். மலைக்கிராமங்களுக்குக் கிளம்புமுன் ஐந்தும் பத்துமாகச் சில்லறை நோட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மினிபஸ்ஸில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் வண்டியே திரும்பிப் பார்க்கும்.

இனி மினிபஸ். டொயோட்டா ஹையேஸ் மாதிரி வேன். நம்பர் பிளேட் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். இதில் ஒரு நுணுக்கம்: டாக்ஸிக்கும் அதே எழுத்துதான். காலி வேன் ஒன்று பக்கத்தில் நின்று, “எங்கே போகணும்?” என்று டிரைவர் கேட்டால், ஏறுமுன் “பஸ்ஸாத்தான் ஓட்டுறீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் அவர் அதைத் தனிச்சவாரியாக எடுத்துக்கொள்வார், இறங்கும்போது கட்டணம் பத்து மடங்காக இருக்கும். அவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. பேருந்துக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. பக்கத்துக் கிராமத்துக்கு இரண்டு மூன்று உள்ளூர் டாலர், ரோசோ-போர்ட்ஸ்மத் போன்ற நீண்ட ஓட்டத்துக்குப் பத்தை ஒட்டி. காசை இறங்கும்போது கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று டிரைவரைக் கேட்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கேளுங்கள். அதற்கு முன்னால், ஏறியதும் மொத்த வண்டிக்கும் ஒரு “குட் மார்னிங்” சொல்லுங்கள். அங்கே அதுதான் மரியாதை. சொல்லாமல் உட்கார்ந்தவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

கால அட்டவணை என்று ஒன்று இல்லை. ஆள் நிறைந்ததும் வண்டி கிளம்பும். ரோசோவில் திசைக்கு ஒரு நிறுத்தம். போர்ட்ஸ்மத் பக்கம் போகிறவை ஆற்றுப் பாலத்தருகே நிற்கும்; தெற்கே ஸ்காட்ஸ் ஹெட் போகிறவையும் மேலே லௌடா, டிரஃபால்கர் போகிறவையும் நகரத்துக்குள் வேறு வேறு தெருவில். ஒரு கடையில் கேட்டால் கைகாட்டிவிடுவார்கள். நடைவழியில் மடக்கு இருக்கைகள் இருப்பதால் பின்னாலிருந்து ஒருவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் எல்லாரும் இறங்கி ஏற வேண்டும். பெரிய முதுகுப்பை இருந்தால் டிரைவர் பக்கத்து இருக்கையைப் பிடிக்கப் பாருங்கள்.

இந்த வண்டிகள் யாருக்காக ஓடுகின்றன என்று புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். கிராமத்து ஆட்களைக் காலையில் வேலைக்கும் சந்தைக்கும் ரோசோவுக்குக் கொண்டுவந்து, மாலையில் வீட்டில் விடுவதற்காக ஓடுகின்றன. சுற்றுலாப் பயணி காலையில் ரோசோவிலிருந்து வெளியே போகிறார், மாலையில் திரும்புகிறார். எதிர்த்திசை. போவதற்கு வண்டி கிடைத்துவிடும், ஏனென்றால் ஆளை இறக்கிவிட்ட வேன் எப்படியும் ஊருக்குத் திரும்பிப் போகும். மாலையில்தான் மாட்டிக்கொள்வீர்கள்: நாலு மணிக்கு மேல் மலைக்கிராமத்துக்கு வந்து நிற்கிற டிரைவருக்கு அதுதான் வீடு, மறுபடி ரோசோவுக்கு இறங்க அவருக்குக் காரணமில்லை. ஆகவே போகும்போதே அந்த டிரைவரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பார்க்க வேண்டிய கிராமத்திலேயே இரவு தங்கிவிடுவது. காலையில் நீங்களும் ஊராரோடு ஒரே திசையில் இறங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடையும் இல்லை. அன்று நடக்கவோ கடலில் குளிக்கவோ திட்டமிடலாம். சனிக்கிழமை அதிகாலை ரோசோ சந்தையைத் தவறவிடாதீர்கள். தீவு முழுக்க விளைந்தது ஆற்றோரம் வந்து குவியும்.

வாடகைக் கார்? இடதுபக்க ஓட்டம் நமக்குப் பழக்கம்தான். உள்ளூர் அனுமதிச் சீட்டு கார் கம்பெனியிலேயே போட்டுத் தருவார்கள், பன்னிரண்டு அமெரிக்க டாலர் பக்கம் ஆகும். பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு அல்ல, சாலையோர வடிகாலுக்கு. மழை அதிகம் என்பதால் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, மூடாமல் விட்டிருப்பார்கள். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கும்போது முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். கண் தெரியாத வளைவில் ஹாரன் அடிப்பது அங்கே முறை. மொத்தப் பயணத்துக்கும் எடுக்காமல், பேருந்து போகாத இடங்களுக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தால் போதும்.

சரி, எங்கே போவது? ரோசோ நகரத்துக்கு அரை நாள் போதும். தாவரவியல் பூங்காவில் 1979-இல் டேவிட் புயல் சாய்த்த பாவோபாப் மரத்தின் அடியில் நசுங்கிய பள்ளிப் பேருந்து இன்னும் அப்படியே கிடக்கிறது. மரம் அதன்மேல் மறுபடி துளிர்த்திருக்கிறது. (பேருந்து காலியாக இருந்தது.) தெற்கே ஷாம்பெய்ன் ரீஃபில் கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழ்குமிழாக வருகிறது, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். கல் கரை என்பதால் காலுக்குச் செருப்பு வேண்டும். இங்கேயும் டிரஃபால்கர் அருவியிலும் எமரால்டு பூலிலும் சொகுசுக் கப்பல் வந்த நாளில் பத்து மணி முதல் இரண்டு மணி வரை நிற்க இடமிருக்காது. கப்பல் வரும் தேதிகள் இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். தேசியப் பூங்கா இடங்களுக்கு ஓர் இடத்துக்கு மட்டுமான சீட்டும் உண்டு, ஒரு வாரத்துக்கான சீட்டும் உண்டு. மூன்று இடம் பார்க்கப் போவதானால் வாரச்சீட்டே லாபம்.

தீவுக்கு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டால் என் பதில் கொதிக்கும் ஏரி. மோர்ன் ட்ருவா பித்தோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காடு. ஏரி என்கிறோமே தவிர, உண்மையில் அது எரிமலை வாயு வெளிவரும் வாயில் தண்ணீர் தேங்கிய பள்ளம். ஏறக்குறைய 60 மீட்டர் அகலம். ஓரத்திலேயே வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல். நடுவில் தண்ணீர் புரண்டு எழும்பிக்கொண்டிருக்கும்.

லௌடா கிராமத்துக்கு மேலே டிட்டூ கார்ஜ் என்ற குறுகிய பாறைப் பிளவின் அருகே பாதை தொடங்குகிறது. போக வர 13 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு ஏழு மணி நேரம் ஆகும், ஏனென்றால் பாதை மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்குகிறது, திரும்பும்போது அத்தனையும் மறுபடி. முதல் ஒரு மணி நேரம் மழைக்காட்டுக்குள் மரத்துண்டு பதித்த படிகள். பிறகு பிரேக்ஃபாஸ்ட் ஆறு. தண்ணீர் நிரப்பிக்கொள்ளக் கடைசி இடம் இதுதான். இதைத் தாண்டினால் ஓடுவதெல்லாம் கந்தகத் தண்ணீர். அங்கிருந்து மோர்ன் நிக்கல்ஸ் முகடு வரை நேர் ஏற்றம், கிட்டத்தட்ட 960 மீட்டர் உயரம். காற்று தள்ளும், மேகம் மூடும். மேகம் விலகினால் தூரத்தில் ஏரியின் ஆவி எழுவது தெரியும்.

முகட்டைத் தாண்டி இறங்குவது பாழ்வெளிப் பள்ளத்தாக்கு. கையையும் காலையும் ஊன்றித்தான் இறங்க முடியும். கீழே செடி கொடி குறைந்து, வெள்ளையும் மஞ்சளும் துருச்சிவப்புமாக மண். பால் நிறத்தில் ஓர் ஓடை, பக்கத்திலேயே கறுப்பாக இன்னொன்று. ஒன்று வெதுவெதுப்பு, ஒன்றில் விரல் வைக்க முடியாது. வழிகாட்டிகள் கொதிக்கும் துளையில் முட்டையை வைத்து வேகவைத்துத் தருவார்கள். வெள்ளி மோதிரம், கொலுசு போட்டிருந்தால் அன்றே கறுத்துவிடும், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இங்கே தரை மேலோடு சில இடத்தில் மெல்லிசு. வழிகாட்டி மிதித்த இடத்தை மட்டுமே மிதிக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்று நான் சொல்வது இந்த அரை மணி நேரத்துக்காகத்தான். மற்ற இடமெல்லாம் பாதை தெளிவாகவே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏரி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2004 டிசம்பரில் தண்ணீர் வடிந்து, மறு வருடம் மறுபடி நிரம்பியது. மட்டம் இறங்கியிருக்கும்போது பள்ளத்தில் நச்சு வாயு தேங்கும், திடீரென்று நீராவி வெடித்துக் கிளம்பும். 1901-இல் ஏரியோரம் இரண்டு பேர் வாயுவால் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறார்கள். மட்டம் இறங்கித் தெரிந்தால் மேட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ரோசோ பள்ளத்தாக்கிலிருந்து ஏரி வரை கேபிள் கார் போடும் பெரிய கட்டுமானமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதனால் பாதை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே லௌடாவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது இவை: தாமதமாகக் கிளம்புவது (ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும், அதற்கு முந்தின இரவு லௌடாவிலேயே தங்குவதுதான் ஒரே வழி), ஒரு லிட்டர் தண்ணீரோடு போவது (இரண்டு லிட்டராவது), அடி வழவழத்த ஓட்டக் காலணி, திரும்பும்போது முட்டி தளர்ந்து ஈரப் படியில் சறுக்குவது. மழைக்கோட்டு உள்ளே வியர்வையில் நனைப்பதால் பெரிய பயன் இல்லை. நனையத்தான் போகிறீர்கள், மாற்றுத் துணியையும் போனையும் நீர்புகாப் பையில் கட்டிவிட்டு நனையுங்கள். முந்தின நாள் கனமழை என்றால் ஆறு ஏறியிருக்கும். “இன்று வேண்டாம்” என்று வழிகாட்டி சொன்னால் பேரம் பேசாமல் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். திரும்பி வந்ததும் டிட்டூ கார்ஜின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கலாம். மாலையில் வாட்டன் வேவன் கிராமத்துக் கந்தக வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாம். மறுநாளைக்கு எந்த ஏற்றமும் வைக்காதீர்கள்.

கிழக்குக் கரையில் கலினாகோ பழங்குடிகளின் பகுதி. 1903-இல் 3,700 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. நிலம் பொதுவானது, தனியாருக்கு விற்க முடியாது. ரோசோவிலிருந்து பேருந்து உண்டு, ஆனால் மேலே சொன்ன எதிர்த்திசைக் கணக்கு இங்கேதான் முழுசாகக் கடிக்கும்: அங்கிருந்து ரோசோ வண்டிகள் விடியற்காலையில் போய்விடும். வீட்டுத்தங்கலில் ஓர் இரவு இருங்கள். மரவள்ளி ரொட்டி சுடுவதைப் பார்க்கலாம். கசப்பு மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டாகும் என்பதால், துருவிப் பிழிந்து சாற்றை நீக்கி, மாவைக் காயவைத்து, அகலமான இரும்புத் தட்டில் சுடுகிறார்கள். லரூமா நாணலில் பின்னும் கூடைகளை வாங்குவதானால் சாலையோரத்தில் பின்னுகிறவரிடமே வாங்குங்கள். சினெக்கு அருகே எரிமலைப் பாறை படிக்கட்டுபோல அட்லாண்டிக்குக்குள் இறங்குகிறது. பார்க்கலாம், கடைசிப் படிகளுக்குப் போகாதீர்கள், அலை சொல்லிக்கொண்டு வராது.

போர்ட்ஸ்மத்தில் இரண்டு நாள். இந்தியன் ஆற்றில் மோட்டார் படகுக்குத் தடை; துடுப்புப் படகுதான். முதல் படகில், காலை வெயில் ஏறுமுன் போங்கள். ஆற்றோர மரங்களின் பலகை வேர்கள் தண்ணீரில் நெளிவதும் நாரைகளும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். பக்கத்தில் கேப்ரிட்ஸ் முனையில் ஷெர்லி கோட்டை. 1802-இல் எட்டாவது மேற்கிந்தியப் படைப்பிரிவின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இங்கே கலகம் செய்தார்கள். அவர்கள் அடக்கப்பட்டார்கள், ஆனால் 1807-இல் பிரிட்டிஷ் படையிலிருந்த அடிமைச் சிப்பாய்கள் விடுவிக்கப்பட்டதற்கு அந்தக் கலகமும் ஒரு காரணம். தேசியக் கொடியில் இருக்கும் சிசெரூ கிளியைப் பார்க்க வேண்டுமானால் சிண்டிகேட் காட்டில் விடியும்போது நிற்க வேண்டும். அங்கே பேருந்து போகாது. கார் எடுக்கும் இரண்டு நாளில் ஒன்றை இதற்கு வையுங்கள். ஜாக்கோ கிளி பெரும்பாலும் தென்பட்டுவிடும். 2017 மரியா புயலுக்குப் பிறகு சிசெரூ அரிது.

நடைப்பிரியர்களுக்கு வைட்டுகுபுலி நடைபாதை இருக்கிறது. 2011-இல் திறந்தது. தெற்கே ஸ்காட்ஸ் ஹெட்டிலிருந்து வடக்கே கேப்ரிட்ஸ் வரை 14 பகுதி, ஏறக்குறைய 185 கிலோமீட்டர். நீலமும் மஞ்சளும் பூசிய அடையாளத்தைப் பார்த்துப் போக வேண்டும். முழுதும் நடக்கத் தேவையில்லை. கலினாகோ பகுதி வழியே போகும் ஆறாவது பகுதியும், வடகோடியில் பென்வில்லிலிருந்து கப்பூசின் வரையிலான பதின்மூன்றாவதும் போதும். ஒவ்வொரு பகுதியும் எந்த ஊரில் முடிகிறது, அங்கிருந்து அன்று வண்டி உண்டா என்பதைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். புயலுக்குப் பிறகு சில நடுப்பகுதிகள் புதர் மூடியும் மண் சரிந்தும் கிடந்ததுண்டு. உள்ளூர் ஆள் “போகலாம்” என்று சொல்லாமல் ஏழு, எட்டு, ஒன்பதில் தனியாக இறங்க வேண்டாம்.

சாப்பாட்டில் நமக்குப் பெரிய அந்நியம் இல்லை. அவர்கள் டாஷீன் என்பது சேப்பங்கிழங்கு. கலலூ சூப் அதன் இலையில் செய்வது. ஈரப்பலாவைச் சுட்டும் வேகவைத்தும் தருவார்கள். கிழங்கு, பச்சை வாழைக்காய் எல்லாம் சேர்ந்த தட்டுக்கு ‘ப்ரொவிஷன்’ என்று பெயர். சைவர்கள் கலலூவில் நண்டு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். ராஸ்தாஃபாரி சமயத்தாரின் ‘ஐட்டல்’ சாப்பாட்டுக் கடை கண்ணில் பட்டால் யோசிக்காமல் நுழையலாம். பருப்பு, கிழங்கு, தேங்காய்ப்பால், இறைச்சி இல்லை. ‘மலைக்கோழி’ என்று யாராவது சொன்னால் அது கோழியல்ல, அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய தவளை. யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் பொதுவாகக் குடிக்கலாம், கனமழைக்குப் பிறகு கலங்கி வந்தால் தவிருங்கள். விஷப்பாம்பு இல்லை. கொசு உண்டு, டெங்குவும் உண்டு.

போக நல்ல காலம் பிப்ரவரி முதல் மே வரை. அப்போதும் மலைக்குள் மழை பெய்யும், ஆனால் விட்டுவிட்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஆகஸ்ட், செப்டம்பரைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் கிரியோல் இசை விழா. அப்போது போவதானால் அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும்.

கடைசி இரவை ரோசோவில் வைக்காதீர்கள். ஒரு நல்ல மழையில் பாங் காசே சாலையில் மண் சரிந்தால், காலை விமானத்துக்குப் போய்ச் சேர முடியாது. மேரிகாட்டிலோ காலிபிஷியிலோ தங்கினால் விமான நிலையம் அரை மணி நேரத்துக்குள். டாக்ஸியை முந்தின மாலையே பேசிவிடுங்கள்; மறுநாள் ஞாயிறு என்றால் கட்டாயம்.